ரிடோ கால்வாயில் பீவர் டெயில்: ஐஸில் இறங்குவதிலிருந்து கடைசிக் கடி வரை

மைனஸ் 15 டிகிரிக் குளிரில், எண்ணெயிலிருந்து எடுத்த பீவர் டெயில் என்ற கனடியப் பலகாரத்துக்கு ஐந்தாறு நிமிடம்தான் ஆயுள். அதற்குள் சாப்பிட்டால் ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கும். விட்டுவிட்டால் நேற்றுச் சுட்ட பரோட்டாவை இழுத்துத் தின்பது போலாகிவிடும். கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய் இதைச் சாப்பிட்டுவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று திரும்புகிறவர்களில் பாதிப் பேர் ஆறிய பிறகு சாப்பிட்டவர்கள். மீதிப் பேர் குளிருக்கு ஒத்துவராத மேல்பூச்சைக் கேட்டு வாங்கியவர்கள்.

பீவர் என்பது மரங்களைக் கொறித்து வீழ்த்தி ஓடைகளில் அணை கட்டும் விலங்கு. 1975 முதல் கனடாவின் சட்டப்படியான தேசியச் சின்னம். அதன் வால் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த கோதுமை மாவை அதே வடிவில் நீளவாக்கில் இழுத்துப் பொரித்து, மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவினால் பீவர் டெயில். பெயரைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை, பீவருக்கும் இதற்கும் வடிவத்தைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ருசியில் பட்டூராவுக்கும் பேக்கரி பன்னுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். கிராண்ட் ஹூக்கர், பாம் ஹூக்கர் தம்பதி 1978-இல் ஒன்டாரியோவின் கில்லலோ என்ற சிற்றூரில் நடந்த கண்காட்சியில் இதை விற்கத் தொடங்கினார்கள். 1980-இல் ஒட்டாவாவின் பைவார்ட் மார்க்கெட்டில் கடை வந்தது. பிறகு அதே நகரின் ரிடோ கால்வாய் குளிர்காலத்தில் உறையும்போது, அதன் ஐஸ்மீதே கடைகள் வந்தன. 2009-இல் ஒட்டாவாவுக்கு வந்த ஒபாமா பைவார்ட் மார்க்கெட்டில் இறங்கி ஒன்று வாங்கியதில் புகழ் எல்லை தாண்டியது.

எப்போது போவது

ரிடோ கால்வாய் 1832-இல் திறக்கப்பட்டது, 2007 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். குளிர்காலத்தில் அதன் 7.8 கிலோமீட்டர் நீளத்தைச் சறுக்குபாதையாக மாற்றுவது தேசியத் தலைநகர் ஆணையம். இலையுதிர்காலத்திலேயே கால்வாயின் நீர்மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். பிறகு மைனஸ் 10-க்கும் மைனஸ் 20-க்கும் இடைப்பட்ட குளிர் 10 முதல் 14 நாள் தொடர்ந்து அடிக்க வேண்டும். தரமான ஐஸ் சுமார் 30 சென்டிமீட்டர் தடிமன் ஆனால்தான் மக்களை இறக்குவார்கள். வழக்கமாக ஜனவரியில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை போகும். ஆனால் எதுவும் நிச்சயமில்லை. 2022-23 குளிர்காலத்தில் ஐஸ் போதாமல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1970-71-இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஆகவே டொராண்டோவிலிருந்து 450 கிலோமீட்டர் கார் ஓட்டி வருகிறவர்கள், திருப்பித் தராத ஓட்டல் முன்பதிவை டிசம்பரிலேயே செய்துவைக்க வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஐஸ் தரம் போட்டிருப்பார்கள். நேரில் பார்ப்பதற்குக் கொடி இருக்கிறது: பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. சிவப்புக் கொடியைத் தாண்டி நாலு பேர் சறுக்கிக்கொண்டிருப்பது அனுமதி ஆகாது.

நேரத்தைப் பொறுத்தவரை வார நாள் காலை அருமை. இரவில் தண்ணீர் பாய்ச்சிச் சமன்படுத்திய ஐஸ் கண்ணாடி போலிருக்கும், கடைகளில் வரிசையும் இருக்காது. (கடை திறக்கும் நேரத்தை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாதை விடியற்காலையிலும் கிடைக்கும், கடை கிடைக்காது.) பிப்ரவரியில் விண்டர்லூட் திருவிழா நடக்கும் சனி ஞாயிறும், மூன்றாம் திங்களன்று வரும் குடும்ப நாள் விடுமுறையும் கூட்டம் நெரியும். ஸ்கேட் (அடியில் பிளேடு வைத்த சறுக்குக் காலணி) கட்டிய காலோடு வரிசையில் அரைமணி நேரம் அசையாமல் நின்றால் பாதம் மரத்துப்போகும், பிறகு எதைச் சாப்பிட்டாலும் ருசிக்காது.

காற்றையும் சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அப்படிப்பட்ட நாளில் காது, மூக்கு நுனி, கன்னம் மூன்றையும் மூடாமல் ஐஸில் இறங்காதீர்கள். குழந்தைகள் கூட இருந்தால் அந்த நாளையே விட்டுவிடுவது நல்லது.

ஸ்கேட்: அளவும் கட்டும்

முதன்முறை போகிறவர்கள் வாடகைக்கு எடுத்தால் போதும், கால்வாய் ஓரத்திலேயே கிடைக்கும். வழக்கமாக நடக்கும் பிழை, செருப்பு அளவையே ஸ்கேட்டுக்கும் சொல்வது. ஹாக்கி ஸ்கேட் பொதுவாக ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் சிறியதாக இருக்க வேண்டும். நேராக நிற்கும்போது பெருவிரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலெழவே கூடாது. தொளதொளவென்றிருக்கும் ஸ்கேட்டில் கணுக்கால் உள்பக்கம் சாயும், பத்தே நிமிடத்தில் வலி கண்டுவிடும். "எனக்குக் கணுக்காலில் பலமில்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, கட்டிய விதத்தில்தான்.

குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போடாதீர்கள். கால் நெருக்கப்பட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் விறைக்கும். மெல்லிய கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி போதும். பருத்திச் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

லேஸ் கட்டும்போது குதிகாலைப் பின்னுக்குத் தட்டி உட்காரவையுங்கள். விரல்கள் இருக்கும் முதல் மூன்று துளைகளைத் தளர்வாக விடுங்கள். புறங்கால் மேட்டில் இறுக்கத் தொடங்கி, கணுக்கால் மடிப்பில் நன்றாக இறுக்குங்கள். மேலிருக்கும் கடைசி இரண்டு துளைகளைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் முழங்கால் முன்னுக்கு மடங்கும். லேஸை விரலில் சுற்றி இழுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும். அதனால் முடிந்தவரை சூடேற்றிய உடைமாற்று அறையிலேயே கட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஃபிகர் ஸ்கேட்டின் முன்நுனியில் பல்போன்ற வெட்டுகள் உண்டு. உள்ளரங்கில் தொல்லையில்லை. கால்வாயில் அவை விரிசலில் மாட்டி ஆளை முகங்குப்புற வீழ்த்தும். முன்பழக்கம் இல்லாவிட்டால் ஹாக்கி வகையையே கேளுங்கள்.

ஐஸ்மீது

கால்வாய் இயற்கை ஐஸ். உள்ளரங்கு போல ஒரே தளமாக இருக்காது. வெப்பநிலை ஏறி இறங்கும்போது ஐஸ் விரிந்து சுருங்கி நீளநீளமாக வெடிப்பு விடும். விரல் அகல வெடிப்பு போதும், பிளேடு உள்ளே இறங்கிவிடும். பார்வை பத்தடி முன்னால் இருக்கட்டும். வெடிப்பு உங்கள் திசையிலேயே நீளவாக்கில் ஓடினால், அதன்மேல் இணையாகப் போகாமல் குறுக்காகக் கடந்துவிடுங்கள். வெயில் நாளில் பாலத்து நிழலைத் தாண்டும்போதும் கவனம் தேவை. ஒளியிலிருந்து நிழலுக்குள் நுழைந்த கணத்தில் கண்ணுக்கு மேடுபள்ளம் தெரியாது.

முழங்காலை மடக்கியே வைத்திருங்கள். தடுமாறினால் கைகளை முன்னே ஊன்றாமல் பக்கவாட்டில் இடுப்பின்மேல் சாயுங்கள், கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். எழ வேண்டுமானால் முதலில் மண்டியிட்டு, ஒரு காலை முன்னே ஊன்றி, இரு கையையும் அந்த முழங்காலில் அழுத்தி எழுங்கள். நிற்பதற்கு, இரு குதிகாலையும் வெளிப்பக்கம் தள்ளிப் பிளேடுகளை ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும். புதியவர்களும் சிறுவர்களும் தலைக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், ஐஸில் யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

தூரக்கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாதை வட்டம் அல்ல, ஒரே நீளம். நகர மையத்தில் தொடங்கி டவ்ஸ் ஏரி தாண்டி ஹார்ட்வெல்ஸ் மதகு வரை போனால் 7.8, திரும்பினால் 15.6 கிலோமீட்டர். நன்கு சறுக்குகிறவருக்கு ஒருவழி அரைமணி, புதியவருக்கு இரண்டு மணிக்கு மேல். காலணியைக் கரையில் விட்டுவிட்டு இறங்கினால் அதற்காகவே திரும்பி வந்தாக வேண்டும். சின்ன முதுகுப்பையில் போட்டுக்கொண்டால் எந்த இடத்திலும் ஏறி ரயில் பிடிக்கலாம். யூஒட்டாவா நிலையம் கார்க்டவுன் நடைபாலத்தருகே இருக்கிறது. டவ்ஸ் லேக், கார்ல்டன் நிலையங்கள் மறுகோடிக்கு உதவும். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமையும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றில் கனமான பலகாரத்தோடு எதிர்காற்றில் திரும்புவது தண்டனை.

வாங்குவதும் சாப்பிடுவதும்

ஐஸ்மீதே மரக்குடில் போலச் சில இடங்களில் கடைகள் நிற்கும். அந்தப் பருவத்து இடங்களை ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் பட்ட முதல் கடையிலேயே வாங்காதீர்கள். இருபது நிமிடமாவது சறுக்கி உடம்பு சூடேறிய பிறகு சாப்பிடுவதில்தான் சுகம். வந்த வழியே திரும்பத் தீர்மானித்திருக்கும் இடத்துக்கு அருகிலிருக்கும் கடை சரியான தேர்வு. நடுவழியில் ஃபிஃப்த் அவென்யூ பக்கம் உட்கார இடமும் உண்டு, புதியவர்கள் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

வரிசையில் நிற்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். பணம் கொடுக்கும் அட்டையை வெளிப்பையில் எடுத்து வையுங்கள். செல்பேசியை நம்ப வேண்டாம். கடுங்குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று அணைந்துவிடும், அதை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருப்பதுதான் சரி. அடுத்து, ஒருவரை முன்னால் அனுப்பி உட்கார இடம் பிடியுங்கள். கையில் பலகாரம் வந்த பிறகு பெஞ்சு தேடினால் ஐந்து நிமிடத்தில் மூன்று போய்விடும்.

எதை வாங்குவது? கடைப்பலகையில் வகை நிறைய இருக்கும். ஐஸ்மீது சாப்பிட ஒன்றுதான் பொருத்தம்: பட்டைச் சர்க்கரை தூவி எலுமிச்சை பிழிந்தது. 'கில்லலோ சன்ரைஸ்' என்று கேட்டால் அதுதான். எண்ணெயும் சர்க்கரையும் திகட்டாமல் எலுமிச்சைப் புளிப்பு தடுத்துவிடும். மேப்பிள் வெண்ணெய் அடுத்த இடம், சூட்டில் உருகி மாவில் ஊறியிருக்கும். ஆனால் ஆறினால் மெழுகு போல் இறுகும். சாக்லேட் ஹேசல்நட் பூச்சுக்கும் அதே கதி. குளிரில் அது கெட்டிப்பட்டு, கடிக்கும்போது ஒரு துண்டாகப் பெயர்ந்து கையுறையில் விழும். வாழைப்பழத் துண்டு வைத்தது பார்க்க அழகு. பழம் முதலில் சில்லிடும், அது தொடும் மாவும் சேர்ந்து ஆறும். இந்த வகைகளைப் பைவார்ட் மார்க்கெட்டில் இன்னொரு நாள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டை, பால் பற்றியும், பொரிக்கும் எண்ணெயில் வேறு என்னென்ன பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவல், ஹாட்டாக் வகையும் உண்டு. கேட்டால் சொல்வார்கள்.

சறுக்கிக்கொண்டே சாப்பிடலாமா? படங்களில் அப்படித்தான் காட்டுவார்கள். நடைமுறையில் வேண்டாம். ஒரு கை அடைபட்டிருக்கும், பார்வை பலகாரத்தில் இருக்கும், விரிசல் காலடியில் இருக்கும். விழாமலிருந்தாலும், எதிர்காற்று சர்க்கரையை எல்லாம் உங்கள் கண்ணுக்கு அனுப்பிவைக்கும். பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி, பெஞ்சில் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

தடித்த கையுறைக்குள் மெல்லிய இன்னொரு கையுறை போட்டிருந்தால் மேலதை மட்டும் கழற்றினால் போதும். காகித உறையை முழுதாக உரிக்காதீர்கள். கடிக்கக் கடிக்கக் கீழிறக்கிக்கொண்டே போனால் சூடும் நிற்கும், விரலும் ஒட்டாது. மெல்லிய நுனியிலிருந்து தொடங்குங்கள், முதலில் ஆறுவது அதுதான். தடித்த நடுப்பகுதி கடைசிவரை சூட்டைத் தாங்கும். கடிக்கும் கணத்தில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டாம். பொரிமாவை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தவர்களுக்குத் தெரியும், பட்டைத்தூளும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கிப் பாதியாகப் பிய்த்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். ஆறுவதற்குள் தீரும், இன்னொன்று வேண்டுமானால் சூடாகவே வாங்கிக்கொள்ளலாம்.

கூடவே சூடான சாக்லேட் வாங்குகிறவர்கள் அதிகம். இனிப்போடு இனிப்பு சேர்ந்து இரண்டுமே மந்தமாகிவிடும். பிளாஸ்கில் சர்க்கரை குறைத்த இஞ்சித் தேநீர் கொண்டுபோயிருந்தால் அதன் அருமை அப்போது தெரியும்.

வீட்டில் செய்வது

கடையின் செய்முறை கடைக்கே சொந்தம். கீழே இருப்பது அதற்கு மிக அருகில் வரும் வீட்டு அளவு, 12 துண்டுக்கு.

மைதா 350 கிராம் (கனடாவில் ஆல் பர்ப்பஸ் மாவு)
ஆட்டா 250 கிராம்
பால் 240 மில்லி, தண்ணீர் 120 மில்லி
உலர் ஈஸ்ட் 7 கிராம், அதாவது இரண்டேகால் டீஸ்பூன்
சர்க்கரை 50 கிராம்
உப்பு 8 கிராம்
முட்டை 1 (அல்லது கெட்டித் தயிர் 60 கிராம்)
உருக்கிய வெண்ணெய் அல்லது எண்ணெய் 50 கிராம்
பொரிக்கக் கனோலா எண்ணெய் ஒன்றரை லிட்டர்

மேலே தூவ: சர்க்கரை 150 கிராம், பட்டைத்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சை இரண்டு.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வட அமெரிக்கக் கடைகளில் தூளாக வருவது பெரும்பாலும் காசியா வகை, காரமும் நெடியும் அதிகம். அதுவென்றால் இரண்டு டீஸ்பூனோடு நிறுத்துங்கள். ஈழத்தவர் கறுவா என்று சொல்லும் இலங்கைப் பட்டை மென்மையானது, எலுமிச்சையோடு இன்னும் அழகாகச் சேரும். தமிழ்க் கடைகளில் குச்சியாகக் கிடைக்கும், லேசாகச் சூடுகாட்டி மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். நம்மூர்ச் சர்க்கரை மணி பெரிதென்றால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். மாவாக அரைத்துவிட்டால் சூட்டில் கரைந்து எண்ணெயோடு பசையாகிவிடும். பல்லில் நறநறவென்று படவேண்டும்.

பாலையும் தண்ணீரையும் சேர்த்து 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள், விரலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் பதம். அதில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நுரைத்து மேலே வரவில்லையென்றால் ஈஸ்ட் செத்திருக்கிறது அல்லது பால் கொதித்திருக்கிறது. மாவைக் கொட்டிப் பார்க்கலாமே என்று தொடராதீர்கள், புதிய ஈஸ்டோடு மறுபடி தொடங்குங்கள்.

மற்றதையெல்லாம் சேர்த்துப் பிசையத் தொடங்கும்போது மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆட்டா தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு மறுபடி பிசைந்தால் ஒட்டு பாதியாகக் குறைந்திருக்கும். அதன்பின் எட்டு முதல் பத்து நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, காதுமடல் போல மெத்தென்று வரவேண்டும். கனடாவின் ஆல் பர்ப்பஸ் மாவில் புரதம் அதிகம், நம்மூர் மைதாவைவிடக் கூடுதலாக நீர் இழுக்கும். தமிழ்நாட்டில் செய்கிறவர்கள் தண்ணீரில் 30 மில்லியைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் சேர்க்கலாம்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைத்து இரட்டிப்பாகும் வரை காத்திருங்கள். மதுரை வெயிலில் முக்கால் மணி நேரம் போதும். 20 டிகிரி வைத்திருக்கும் ஒட்டாவா வீட்டில் ஒன்றரை மணி ஆகும், சூட்டைப் போடாமல் ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் விரைவாகும். ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று வறட்சியானது. ஈரத்துணியால் மூடாவிட்டால் மேல்தோல் காய்ந்து, இழுக்கும்போது அங்கங்கே கிழியும்.

உப்பிய மாவை அழுத்திக் காற்றை இறக்கி, 90 கிராம் உருண்டைகளாகப் பிரித்து 15 நிமிடம் விடுங்கள். ஒவ்வொன்றையும் பூரிக்கட்டையால் நீள்வட்டமாகத் தேய்த்து, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் தடிமன். இழுத்ததும் ரப்பர்போலச் சுருங்கினால் மாவு இன்னும் விறைப்பாக இருக்கிறது. பலவந்தம் வேண்டாம், அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தேயுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்தால் சொன்னபடி கேட்கும். கத்தியின் முதுகால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அழுத்தினால் வாலின் செதில் தெரியும். முள்கரண்டியால் ஆறேழு இடத்தில் குத்துங்கள். இது அலங்காரத்துக்கு அல்ல. குத்தாவிட்டால் பூரிபோல ஒரே பொக்கையாக உப்பி, மேல்புறம் அப்பளமாகவும் அடி வேகாமலும் போகும்.

வாணலி இதற்குச் சரிப்படாது. அடி குறுகலாக இருப்பதால் 20 சென்டிமீட்டர் துண்டு வளைந்து மடங்கும். 25 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் தட்டையான அடிகனத்த பாத்திரம் எடுங்கள். ஒன்றரை லிட்டர் எண்ணெய் அதில் மூன்று சென்டிமீட்டர் ஆழம் நிற்கும், போதும். சூடு 190 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் தங்காமல் உடனே மிதந்து, சுற்றிலும் சிறுகுமிழ் விட்டு, முக்கால் நிமிடத்தில் பொன்னிறமானால் சரி.

துண்டை உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கம் சாயும்படி நழுவவிடுங்கள், எண்ணெய் தெறித்தால் அந்தப் பக்கம் தெறிக்கும். விழுந்ததும் விளிம்பெங்கும் நுரைக்கும், ஐந்தாறு நொடியில் நடுவில் சின்னச்சின்னக் கொப்புளம் எழும். நுரை அடங்கத் தொடங்கி விளிம்பில் செம்மை படரும்போது திருப்புங்கள். ஒரு பக்கத்துக்கு 45 முதல் 60 நொடி. ஒருமுறைக்கு ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றும் எண்ணெயின் சூட்டை இறக்கிவிடும், மின்னடுப்பு அதை மீட்க ஒரு நிமிடமாவது எடுக்கும். அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால் 170-க்குக் கீழே மாவு வேகாமல் எண்ணெய் குடிக்கும். கையில் பிடித்தால் கனக்கும், பிய்த்தால் விரல் வழியே வழியும். மாறாக 200-ஐத் தாண்டினால் அரை நிமிடத்தில் கறுத்து, உள்ளே பச்சைமாவு நிற்கும்.

எடுத்ததைக் காகிதத்தில் போடாதீர்கள், அடியில் ஆவி கட்டி நமுத்துவிடும். கம்பி வலையில் நிறுத்தி, பத்தே நொடியில் சர்க்கரைத் தட்டில் இரு பக்கமும் புரட்டுங்கள். இன்னும் தாமதித்தால் சர்க்கரை ஒட்டாது. எலுமிச்சையைப் பரிமாறும்போதுதான் பிழிய வேண்டும்.

கனடிய அடுக்ககங்களில் இதைச் செய்தால் புகை அலாரம் அலறுவது வழக்கம். புகைபோக்கி விசிறியை எண்ணெய் வைக்கும்போதே போட்டுவிடுங்கள். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஒரு துளிகூடக் கூடாது.

வீட்டில் செய்ததை ஐஸுக்கு எடுத்துப் போவது

பக்கத்துப் பூங்காவில் நகராட்சி கட்டிய சறுக்குத்தளம் இருந்தால் ஒட்டாவாவுக்கே போகவேண்டியதில்லை. உறைந்த குளம், ஏரி என்றால் கவனம்: தனியாக ஒருவர் நிற்பதற்கே தெளிந்த உறுதியான ஐஸ் 15 சென்டிமீட்டர் வேண்டும், கூட்டமாகச் சறுக்க 20. அளந்து பார்க்காத ஐஸில் யாரும் இறங்கக் கூடாது.

பொரித்தவுடன் ஹாட்பாக்ஸில் அடைத்தால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். கம்பி வலையில் இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, அடியில் துணி விரித்த ஹாட்பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் நிறுத்திவையுங்கள். இடையிடையே காகிதம். மூடியை முதல் ஐந்து நிமிடம் சற்றே திறந்து வைத்துப் பிறகு மூடுங்கள். சர்க்கரையை வீட்டில் தூவாதீர்கள், போய்ச் சேர்வதற்குள் உருகிப் பிசுபிசுக்கும். தனி டப்பாவில் கொண்டுபோய், ஒரு காகிதப் பையில் சர்க்கரையும் பீவர் டெயிலும் போட்டுக் குலுக்குங்கள். முக்கால் மணி நேரம் வரை இப்படித் தாங்கும். பிள்ளைகளுக்கு அந்தக் குலுக்கலே பாதித் திருவிழா.

ஐஸிலிருந்து ஏறியதும் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, வீட்டில் உறையைக் கழற்றிக் காயவிடுங்கள். ரப்பர் உறைக்குள் ஈரம் தங்கினால் ஒரே இரவில் துரு பிடிக்கும். மிஞ்சிய பீவர் டெயிலை மறுநாள் 180 டிகிரி ஓவனில் நாலு நிமிடம் வைத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் வைத்தவர்கள் அதைச் சீக்கிரம் தின்றுவிட வேண்டும், இரண்டு நிமிடத்தில் தோலாகிவிடும்.